அழித்த டிக்கெட் திரும்ப வருமா? ப்ராஜெக்ட் மென்பொருளில் பதிவுகள் தொலையாமல் காப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரெட்மைன் சர்வர்களைப் பராமரிப்பது என் வேலை. கீழே உள்ள கேள்விகள் பெரும்பாலும் போனில், பதற்றமான குரலில் என்னிடம் வந்தவை. ரெட்மைன் என்பது 2006-ல் தொடங்கப்பட்ட, ரூபி ஆன் ரெயில்ஸில் எழுதப்பட்ட திறமூல மென்பொருள். வேலைகளை டிக்கெட்டுகளாகப் போட்டு, யார் செய்கிறார், எவ்வளவு நேரம் ஆனது, எந்த நிலையில் இருக்கிறது என்று கவனிக்க நிறைய அலுவலகங்களில் அதை வைத்திருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது அதுதான் என்பதால் பதில்கள் அதை ஒட்டியே இருக்கும். ஜிரா, ட்ரெல்லோ போன்ற இதே வகை மென்பொருள்களை இடையில் தொட்டுச் செல்கிறேன்.

ஒரு டிக்கெட்டைத் தவறுதலாக அழித்துவிட்டோம். இந்த நிமிடம் என்ன செய்ய வேண்டும்?

முதலில், அந்த டிக்கெட் யாருடைய பிரவுசரிலாவது திறந்தபடி இருக்கிறதா என்று குழுவில் கேளுங்கள். இருந்தால் அவரை ரெஃப்ரெஷ் செய்ய விடாதீர்கள். செய்தால் 'பக்கம் இல்லை' என்ற 404 அறிவிப்புதான் வரும். அப்படியே பிரிண்ட் கொடுத்துப் பிடிஎஃப் ஆகச் சேமிக்கச் சொல்லுங்கள். விவரம், குறிப்புகள், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு எல்லாம் அந்த ஒரு பக்கத்திலேயே இருக்கும். இணைத்த படம் எதையாவது அவர் ஏற்கெனவே டவுன்லோட் செய்திருந்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது மெயில். டிக்கெட் உருவானபோதும், ஒவ்வொரு முறை அதைப் புதுப்பித்தபோதும் ரெட்மைன் சம்பந்தப்பட்டவர்களுக்கு மெயில் அனுப்பியிருக்கும். மெயில் தலைப்பில் சதுர அடைப்புக்குள் திட்டத்தின் பெயர், டிக்கெட் வகை, எண் மூன்றும் இருக்கும். டிக்கெட் எண்ணைப் போட்டு இன்பாக்ஸில் தேடினால் முழுக் கதையும் துண்டு துண்டாகக் கிடைத்துவிடும். பேக்கப்பே இல்லாத ஒரு இடத்தில், இந்த மெயில்களை மட்டும் வைத்து 11 டிக்கெட்டுகளைத் திரும்ப எழுதியிருக்கிறேன்.

மூன்றாவதாக, சர்வரில் நடப்பதைக் குறித்து வைக்கும் லாக் கோப்பை உடனே வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. நேற்றிரவு எடுத்த பேக்கப்பை அவசரப்பட்டு ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸ் மேல் ஏற்றிவிடாதீர்கள். ஒரு டிக்கெட் திரும்ப வரும், காலையிலிருந்து எல்லோரும் எழுதியது மொத்தமும் போய்விடும்.

மறுசுழற்சித் தொட்டி மாதிரி எதுவும் ரெட்மைனில் இல்லையா?

இல்லை. டிக்கெட்டை அழித்தால் டேட்டாபேஸிலிருந்து அந்த வரிசை உண்மையிலேயே போய்விடும். மறைத்து வைப்பதெல்லாம் கிடையாது.

மற்றவற்றில் நிலைமை ஒவ்வொரு விதம். ஆசனாவிலும் கிளிக்கப்பிலும் அழித்த வேலைகள் 30 நாட்கள் தொட்டியில் இருக்கும். ட்ரெல்லோவில் ஒரு அட்டையை முதலில் ஆர்க்கைவ் செய்த பிறகுதான் அழிக்கவே முடியும். நல்ல ஏற்பாடு, ஆனால் அதற்கப்புறம் அழித்தால் மீட்க வழியில்லை. ஜிரா கிளவுடில் முழுத் திட்டத்தை அழித்தால் 60 நாட்கள் தொட்டியில் கிடக்கும். அதே ஜிராவில் ஒரு தனி டிக்கெட்டை அழித்தால் அது நிரந்தரம். 'ஜிராவில் தொட்டி இருக்கிறதே' என்று நம்பி ஏமாறுபவர்கள் இந்த வித்தியாசத்தில்தான் விழுகிறார்கள். உங்கள் மென்பொருளில் தொட்டி இருக்கிறது என்றால், எது எது அதற்குள் போகும், எத்தனை நாள் இருக்கும் என்ற இரண்டையும் ஒரு மாதிரித் திட்டத்தில் அழித்துப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒரு டிக்கெட்டோடு சேர்ந்து வேறு என்னென்ன போகும்?

குறிப்புகளும் மாற்ற வரலாறும் போகும். இணைத்த கோப்புகள் சர்வரின் டிஸ்க்கிலிருந்தே போகும். வேறு டிக்கெட்டுகளோடு இருந்த தொடர்புகள், யார் யார் கவனித்தார்கள் என்ற பட்டியல், தனிப்புலங்களில் (நாமாகச் சேர்த்த கூடுதல் கட்டங்களில்) நிரப்பிய மதிப்புகள் எல்லாம் போகும். இவற்றை விட முக்கியமானவை இரண்டு.

ஒன்று, சப்டாஸ்க், அதாவது ஒரு டிக்கெட்டின் கீழ் போட்ட துணை டிக்கெட். தாய் டிக்கெட்டை அழித்தால் அதன் கீழ் இருக்கும் அத்தனையும் சேர்ந்து அழியும். எத்தனை சப்டாஸ்க் அழியும் என்று எச்சரிக்கைப் பெட்டியில் ஒரு வரி வரும். அதைப் படிப்பவர்கள் குறைவு.

இன்னொன்று, அந்த டிக்கெட்டில் பதிவான வேலை நேரம். நேரம் பதிவாகியிருந்தால் ரெட்மைன் ஒரு பக்கத்தைக் காட்டி மூன்று தேர்வுகளைக் கொடுக்கும்: நேரத்தையும் அழி, திட்டத்தின் கணக்கில் சேர், வேறொரு டிக்கெட்டுக்கு மாற்று. இதில் 'அழி' என்பதுதான் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கும். அவசரத்தில் ஓகே கொடுத்தால் மணிக்கணக்கும் காலி. மணிக்கு இவ்வளவு என்று வாடிக்கையாளருக்கு பில் போடும் நிறுவனத்தில் இது நேரடியாகப் பணம்.

யார் அழித்தார், எப்போது அழித்தார் என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் ரெட்மைன் திரைக்குள் தேடினால் கிடைக்காது. டிக்கெட்டின் வரலாறு டிக்கெட்டோடு போய்விட்டதால், அழித்தது பற்றிய வரலாற்றை எழுதி வைக்க அங்கே இடமே இல்லை.

சர்வரில் ரெட்மைன் நிறுவிய இடத்தில் லாக் என்ற அடைவு (ஃபோல்டர்) இருக்கும். அதற்குள் உள்ள ப்ரொடக்‌ஷன் லாக் கோப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் சில வரிகள் விழும். அழித்தல் என்றால் முதல் வரியில் பெரிய எழுத்தில் டெலீட் என்ற சொல், டிக்கெட் முகவரி, ஐபி, தேதி, நேரம். அதற்கடுத்து டெஸ்ட்ராய் என்ற செயலின் பெயர், அனுப்பிய டிக்கெட் எண்களின் பட்டியல். அப்புறம் 'கரண்ட் யூசர்' என்று தொடங்கும் வரியில் பயனர் பெயரும் அவருடைய எண்ணும். இந்த வரிகளைச் சேர்த்துப் படித்தால் யார், எப்போது, எதை என்பது தெரிந்துவிடும்.

இதைப் படிக்கும்போது மூன்று இடங்களில் தடுக்கி விழ வாய்ப்பு உண்டு. கிளவுட் சர்வர்கள் பலவும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். லாக்கில் 13:12 என்று இருந்தால் நமக்கு அது மாலை 6:42. ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டாமல், மதியம் சாப்பிடப் போயிருந்த ஒருவரைச் சந்தேகப்பட்ட சம்பவத்தை நேரில் பார்த்திருக்கிறேன். இரண்டாவது, அலுவலகத்துக்கு வெளியே சர்வர் இருந்தால் எல்லோருக்கும் ஒரே ஐபிதான் தெரியும். அதை வைத்து ஆளைப் பிடிக்க முடியாது, பயனர் வரியைப் பாருங்கள். மூன்றாவது, பட்டியலில் இருப்பது பயனர் தேர்ந்தெடுத்த எண்கள் மட்டுமே. கூடவே இழுத்துக்கொண்டு போன சப்டாஸ்க்குகளின் எண்கள் அந்தப் பட்டியலில் இருக்காது. லாக்கில் ஒன்று என்று இருக்கும், போனது முப்பதாக இருக்கும்.

முன்பே லாக்கைப் பிரதி எடுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுதான். சுழற்சி முறையில் பழைய லாக்கை 7 நாளில் நீக்கும்படி பல சர்வர்களில் அமைத்திருப்பார்கள். டிக்கெட் காணவில்லை என்று நாம் கவனிப்பது பெரும்பாலும் மாதக் கடைசியில். குறைந்தது 6 மாத லாக்கைச் சுருக்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரிகள் நன்றாகவே சுருங்கும், இடம் ஒரு பிரச்சினையே இல்லை.

அழித்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. இனி?

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில், வெள்ளிக்கிழமை மாலை, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் "பயிற்சிக்காகப் போட்ட டிக்கெட்டையெல்லாம் கொஞ்சம் சுத்தம் செய்துவிடுங்கள்" என்று சொன்னோம். அவர் பட்டியலில் 'டெஸ்ட்' என்று தலைப்பு இருந்ததைத் தேர்ந்தெடுத்து, ரைட் கிளிக் செய்து அழித்தார். 37 சப்டாஸ்க்கும் சேர்ந்து அழியும் என்று எச்சரிக்கை வந்தது. அவையும் பயிற்சி டிக்கெட்டுகள் என்று நினைத்து ஓகே கொடுத்தார். அது டெஸ்டிங் கட்டத்துக்கான தாய் டிக்கெட். கீழே இருந்த 37-ம் வாடிக்கையாளர் தளத்தில் கண்டுபிடித்த உண்மையான பிழைகள்.

அன்று இரவு பத்தரை வரை உட்கார்ந்து, முந்தைய இரவு பேக்கப்பிலிருந்தும் மெயிலிலிருந்தும் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீட்டோம். அன்று காலை இணைத்த ஒரு திரைப் பதிவு வீடியோ மட்டும் கடைசி வரை கிடைக்கவில்லை. திங்கட்கிழமை அந்தப் பெண் கண்கலங்கி வந்து நின்றார். அவர் மேல் எந்தத் தவறும் இல்லை. சேர்ந்து இரண்டு வாரம் ஆனவருக்கு அழிக்கும் உரிமையைக் கொடுத்து வைத்திருந்தது நான். 'டெஸ்ட்' என்று ஒற்றைச் சொல்லில் தலைப்பு வைத்தது இன்னொருவர். சுத்தம் செய்யச் சொன்னது எங்கள் மேலாளர்.

லாக்கைப் படிப்பது எது போனது, எப்படிப் போனது என்று தெரிந்துகொள்ளத்தான். அதை வைத்து ஒருவரைத் திட்டினால், அடுத்த முறை அழித்தவர் வாயைத் திறக்க மாட்டார். அழித்த பத்தாவது நிமிடம் சொன்னால் மீட்பது எளிது, மூன்று வாரம் கழித்து நாமாகக் கண்டுபிடித்தால் பாதிதான் வரும்.

டிக்கெட் எண்களில் நடுவில் ஒன்று விடுபட்டிருக்கிறது. அது அழிக்கப்பட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?

உறுதியாகச் சொல்ல முடியாது. டேட்டாபேஸ் ஒரு எண்ணை ஒதுக்கிய பிறகு சேமிப்பது தோல்வியடைந்தாலும் அந்த எண் வீணாகும். போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் இரண்டிலும் இப்படித்தான்.

தலைகீழான சிக்கலும் உண்டு. மைஎஸ்க்யூஎல் 8.0-க்கு முந்தைய பதிப்புகளில், கடைசியாகப் போட்ட டிக்கெட்டை அழித்துவிட்டு டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தால் அதே எண் அடுத்த டிக்கெட்டுக்குப் போய்விடும். மெயிலில் 4127 என்று ஒரு விஷயம், திரையில் 4127 என்று வேறொரு விஷயம். இடைவெளிகூடத் தெரியாது. 8.0-லிருந்து இதைச் சரிசெய்துவிட்டார்கள். பழைய பதிப்பில் இருப்பவர்கள் மாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்பகமான வழி எளிமையானது. தினமும் இரவு இருக்கும் டிக்கெட் எண்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் எழுதுங்கள், தலைப்பையும் சேர்த்து. மறுநாள் எழுதும் கோப்போடு ஒப்பிடுங்கள். நேற்று இருந்து இன்று இல்லாதவை அழிக்கப்பட்டவை. பத்து வரி ஸ்கிரிப்ட் போதும். பட்டியல் காலியாக இல்லாவிட்டால் அட்மினுக்கு ஒரு மெயில் போகட்டும். சப்டாஸ்க்காகச் சேர்ந்து போனவையும் இதில் தப்பாது. ஒரே நாளில் உருவாகி அன்றே அழிந்தவை மட்டும் விடுபடும்.

அழிக்கும் நேரத்திலேயே தானாக ஒரு பிரதி எடுத்து வைக்க முடியாதா?

முடியும், இரண்டு இடங்களில் செய்யலாம்.

ஒன்று, டேட்டாபேஸில் டிரிக்கர். டிக்கெட் அட்டவணையிலிருந்து ஒரு வரிசை அழியும்போது, அழியும் வரிசையை நேரத்தோடு தனி அட்டவணையில் எழுதச் சொல்லலாம். குறிப்புகள், நேரப் பதிவு, தனிப்புல மதிப்புகள் ஆகியவற்றின் அட்டவணைகளுக்கும் தனித்தனியே வைக்க வேண்டும். ஏதாவது ஸ்கிரிப்ட் நேராக டேட்டாபேஸில் கைவைத்தாலும் இது பிடித்துவிடும் என்பது இதன் பலம். பலவீனம் என்னவென்றால், ரெட்மைன் எல்லோருக்குமாக ஒரே டேட்டாபேஸ் பயனர் பெயரில்தான் இணைகிறது. ஆகவே 'யார்' என்பது டிரிக்கருக்குத் தெரியாது. அந்த நேரத்தை ப்ரொடக்‌ஷன் லாக்கோடு பொருத்திப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, ரெட்மைனுக்குள் ஒரு சின்ன ப்ளகின் (துணை நிரல்). அழிப்பதற்கு முன் டிக்கெட்டின் உள்ளடக்கத்தையும் அழிப்பவரின் பெயரையும் ஒரு கோப்பில் எழுதிவிட்டு அழிக்க விடும். எழுதுபவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். ரெயில்ஸில் இந்த முன்வேலையை ப்ரிப்பெண்ட் என்று குறிப்பிட்டு வரிசையின் தலையில் வைக்காவிட்டால், குறிப்புகளும் இணைப்புகளும் அழிந்து முடிந்த பிறகுதான் அது ஓடும். வெறும் தலைப்பும் விவரமும் மட்டும் கோப்பில் விழும். டெஸ்ட் சர்வரில், குறிப்புகள் உள்ள ஒரு டிக்கெட்டை அழித்துப் பார்த்து, குறிப்புகள் கோப்பில் வந்தனவா என்று கட்டாயம் சரிபாருங்கள்.

மைஎஸ்க்யூஎல் 8.0 வைத்திருப்பவர்களுக்குக் கேட்காமலே கிடைத்திருக்கும் உதவி ஒன்று உண்டு. டேட்டாபேஸில் நடக்கும் மாற்றங்களைக் குறித்து வைக்கும் பைனரி லாக் அதில் இயல்பாகவே இயங்குகிறது, 30 நாட்கள் வைத்திருக்கிறது. அழிந்த வரிசையில் இருந்த மதிப்புகள் முழுவதும் அதில் பதிவாகியிருக்கும். உரிய கருவியால் விரித்துப் படித்தால் டிக்கெட்டின் விவரத்தையே எழுத்து எழுத்தாக எடுத்துவிடலாம். இன்று காலை உருவாகி மாலையில் அழிந்த, எந்த பேக்கப்பிலும் ஏறாத டிக்கெட்டைக்கூட இப்படி எடுக்க முடியும். மைஎஸ்க்யூஎல்லிலிருந்து பிரிந்த மரியாடிபி என்றால் பைனரி லாக்கை நீங்கள்தான் இயக்கி வைக்க வேண்டும்.

சரி, அழிப்பதையே தடுக்க முடியாதா?

என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் செய்ய வேண்டும். அன்றாட வேலையில் டிக்கெட்டை அழிக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. 'இது வேண்டாம்' என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி கிடைக்காததால்தான் அழிக்கிறார்கள்.

நிர்வாகப் பகுதியில் ரோல்களுக்கான அனுமதிப் பட்டியலைத் திறந்து, 'டெலீட் இஷ்யூஸ்' என்ற வரியில் உள்ள எல்லா டிக்கையும் எடுத்துவிடுங்கள், மேனேஜர் ரோல் உட்பட. விக்கி பக்கங்களை அழிக்கும் அனுமதியையும் பாருங்கள். விக்கிப் பக்கத்தை அழித்தால் அதன் பழைய பதிப்புகள் எல்லாம் சேர்ந்து போய்விடும். நேரப் பதிவுக்குத் தனியாக அழிக்கும் அனுமதி கிடையாது. திருத்த முடிந்தவர் அழிக்கவும் முடியும் என்பதை மனதில் வைத்து அதைக் கொடுங்கள்.

அட்மின் டிக் வைத்திருப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் பொருந்தாது. அவருக்கு எல்லா இடத்திலும் அழிக்கும் பொத்தான் தெரியும். ஆகவே அட்மினாக இருப்பவர் அன்றாட வேலைக்கு இன்னொரு சாதாரணக் கணக்கை வைத்துக்கொள்வது நல்லது. நான் அப்படித்தான் செய்கிறேன்.

உரிமையை மட்டும் எடுத்துவிட்டு மாற்று வழி கொடுக்காவிட்டால் இரண்டு நாளில் முணுமுணுப்பு வரும். ரெட்மைனில் 'ரிஜெக்டட்' என்ற ஸ்டேட்டஸ் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது. 'தவறாகப் போட்டது' என்று இன்னொன்றைச் சேர்த்து, இரண்டையும் மூடிய ஸ்டேட்டஸாகக் குறித்துவிடுங்கள். டிக்கெட் பட்டியல் இயல்பாகவே திறந்தவற்றை மட்டும் காட்டுவதால் அவை கண்ணில் படாது. எண் இருக்கும், வரலாறு இருக்கும், தேடினால் கிடைக்கும்.

இன்னும் சுத்தமாக வேண்டும் என்பவர்கள் 'நீக்கியவை' என்று ஒரு தனித் திட்டம் உருவாக்கி, வேண்டாதவற்றை அங்கே நகர்த்தலாம். நகர்த்தினாலும் டிக்கெட் எண் மாறாது. ஆனால் அந்தத் திட்டத்தில் எல்லா டிக்கெட் வகைகளையும் தனிப்புலங்களையும் முன்பே இயக்கி வையுங்கள், இல்லாவிட்டால் நகர்த்தும்போதே சில மதிப்புகள் உதிர்ந்துவிடக்கூடும்.

டிக்கெட் அப்படியே இருக்கிறது, உள்ளே இருந்த தகவல் காணவில்லை. எப்படி?

இந்த வகை இழப்பு சத்தமில்லாமல் நடக்கும், அதனால்தான் எனக்கு இதன் மேல் அதிகப் பயம்.

தனிப்புலம் ஒன்றை நிர்வாகப் பகுதியில் அழித்தால், அந்தப் புலத்தில் இத்தனை வருடங்களாக எல்லா டிக்கெட்டிலும் நிரப்பிய மதிப்புகள் ஒரே அடியில் போய்விடும். 'வாடிக்கையாளர் ஒப்புதல் தேதி' என்ற புலத்தை இப்போது யாரும் பயன்படுத்துவதில்லை என்று நீக்கினால், நான்கு வருட ஒப்புதல் தேதிகளும் போகும். அழிக்காமல் எல்லாத் திட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டால் போதும்.

வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அழிப்பது இன்னொன்று. அவர் எழுதிய டிக்கெட்டும் குறிப்பும் இருக்கும், ஆனால் எழுதியவர் இடத்தில் 'அனானிமஸ்' என்று மாறிவிடும். யார் சொல்லி இந்த முடிவு எடுத்தோம் என்பதே தெரியாமல் போகும். கணக்கைப் பூட்டி வையுங்கள், அழிக்காதீர்கள். பூட்டினால் அவரால் நுழைய முடியாது, பெயரும் நிலைக்கும்.

குறிப்புகளைத் திருத்தும் உரிமை உள்ளவர் ஒரு குறிப்பைத் திருத்தினால் பழைய வாசகம் எங்கும் சேமிக்கப்படாது. உள்ளே இருப்பதை முழுதாக அழித்துச் சேமித்தால், அதோடு வேறு மாற்றம் எதுவும் இல்லாத பட்சத்தில், அந்தக் குறிப்பே மறைந்துவிடும். விவரப் பகுதி அப்படியல்ல, அதன் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றில் இருக்கும். இணைப்புக் கோப்பை நீக்கினால் கோப்பின் பெயர் வரலாற்றில் இருக்கும், கோப்பு இருக்காது.

பேக்கப் தினமும் ஓடுகிறது. அது போதாதா?

அதிலிருந்து கடைசியாக எப்போது ஒரு டிக்கெட்டைத் திறந்து பார்த்தீர்கள்? இந்தக் கேள்விக்குத் தேதி சொல்ல முடிந்தால் போதும்.

2017 ஜனவரி 31 அன்று, நிரல்களைச் சேமித்து வைக்கும் தளமான கிட்லேபில் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். டேட்டாபேஸ் பிரதி எடுப்பதில் இருந்த சிக்கலைச் சரிசெய்துகொண்டிருந்த பொறியாளர், இரண்டாவது சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரில் அடைவை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். ஓரிரு நொடிகளில் தெரிந்து நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப்பைத் தேடினார்கள். தினசரி பேக்கப் எடுக்கும் கருவி போஸ்ட்கிரெஸ் 9.2 பதிப்பு, டேட்டாபேஸ் 9.6. பதிப்பு பொருந்தாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்தது. தோல்வியைச் சொல்லும் மெயில்களையும் மெயில் சர்வர் நிராகரித்துக்கொண்டிருந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு காரணத்துக்காக அதே பொறியாளர் 6 மணி நேரத்துக்கு முன் எடுத்த டிஸ்க் ஸ்னாப்ஷாட், அதாவது டிஸ்க்கின் அந்த நேரத்துப் பிரதி. அந்த 6 மணி நேரத்தில் உருவான சுமார் 5,000 திட்டங்களும் 5,000 கருத்துகளும் 700 பயனர் கணக்குகளும் போயின. நடந்ததையெல்லாம் அவர்கள் மறைக்காமல் பொதுவில் எழுதி வைத்ததால்தான் நாம் கற்றுக்கொள்ள முடிகிறது.

ரெட்மைனுக்கு வந்தால், டேட்டாபேஸ் டம்ப் (மொத்த டேட்டாபேஸின் பிரதி) மட்டும் எடுப்பவர்கள் நிறையப் பேர். இணைப்புகள் டேட்டாபேஸில் இல்லை. சர்வரில் ஃபைல்ஸ் என்ற அடைவில் இருக்கின்றன. இரண்டையும் எடுக்க வேண்டும், டம்ப் முதலில், கோப்புகள் அடுத்து. அந்த வரிசையில் எடுத்தால் டம்பில் பெயர் இருக்கும் கோப்பு பெரும்பாலும் பிரதியிலும் இருக்கும். கோப்புகளைப் பிரதி எடுக்கும் கட்டளையில் 'மூலத்தில் இல்லாததைப் பிரதியிலும் நீக்கு' என்ற தேர்வு இருந்தால் எடுத்துவிடுங்கள். இங்கே அழிந்த கோப்பை அது அங்கேயும் அழித்துவிடும்.

மாதம் ஒருமுறை, பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றி, கடந்த வாரப் படம் இணைத்த ஒரு டிக்கெட்டைத் திறந்து, படம் தெரிகிறதா என்று பாருங்கள். எனக்கு இதற்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.

பேக்கப்பிலிருந்து ஒரே ஒரு டிக்கெட்டை மட்டும் எப்படி எடுப்பது?

பேக்கப்பைத் தனி டேட்டாபேஸில் ஏற்றி, அதே பதிப்பு ரெட்மைன் ஒன்றைப் பக்கத்தில் ஓட விடுங்கள். மெயில் அனுப்பும் அமைப்பை அதில் முதலில் நிறுத்திவிடுங்கள். மறந்தால் வாடிக்கையாளர்களுக்குப் பழைய நினைவூட்டல்கள் கிளம்பிவிடும்.

தகவல் மட்டும் போதும் என்றால், அங்கே டிக்கெட்டைத் திறந்து பிடிஎஃப் எடுத்து, லைவில், அதாவது எல்லோரும் பயன்படுத்தும் ரெட்மைனில், புது டிக்கெட் போட்டு இணைத்துவிடலாம். பழைய எண்ணைத் தலைப்பில் குறிப்பிடுங்கள். ஒன்றிரண்டு டிக்கெட்டுக்கு நான் இதற்கு மேல் போவதில்லை.

பல டிக்கெட்டுகள், எண்ணும் தேதியும் மாறாமல் வர வேண்டும் என்றால், வரிசைகளையே எடுத்து லைவில் சேர்க்க வேண்டும்: டிக்கெட், குறிப்புகள், குறிப்புகளின் மாற்ற விவரம், தனிப்புல மதிப்புகள், இணைப்புகள், நேரம், தொடர்புகள், கவனிப்போர். தாய்-சேய் வரிசையை ரெட்மைன் இடது, வலது என்று இரண்டு எண்களாகச் சேமிக்கிறது. தாய் டிக்கெட் லைவில் இன்னும் இருந்து சேய் மட்டும் போயிருந்தால் அந்த எண்கள் மாறியிருக்கும். அப்படியே பழையதைச் சேர்த்தால் மரம் குழம்பிவிடும். சப்டாஸ்க்குகளை முதலில் தாய் இல்லாத தனி டிக்கெட்டுகளாகச் சேர்த்து, பிறகு ரெட்மைன் திரையில் தாயோடு இணைப்பது பாதுகாப்பு. இதையெல்லாம் செய்யும் முன், லைவை அந்த நிமிடத்தில் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கிளவுடில் இருக்கிறோம். இதெல்லாம் அவர்கள் பொறுப்பு அல்லவா?

அவர்களும் மனிதர்கள்தான். 2022 ஏப்ரல் 5 அன்று, ஜிராவின் தாய் நிறுவனமான அட்லாசியனில் ஒரு பழைய ஆப்பை நீக்க ஸ்கிரிப்ட் ஓட்டினார்கள். ஆப்பின் அடையாள எண்களைக் கொடுப்பதற்குப் பதில் வாடிக்கையாளர் தளங்களின் எண்களே போய்விட்டன. நிரந்தரமாக அழிக்கும் முறையில் ஓடியதால் 883 தளங்கள் அழிந்தன. பாதிக்கப்பட்ட வாடிக்கையாளர்கள் 775. பேக்கப் இருந்தது, பெரும்பாலும் எல்லாம் திரும்ப வந்தது. ஆனால் மொத்த டேட்டாவையும் மீட்கத்தான் அவர்களிடம் வழி தயாராக இருந்தது, சில வாடிக்கையாளர்களை மட்டும் பிரித்து மீட்கப் பழகியிருக்கவில்லை. சிலருக்கு 14 நாட்கள் ஆயிற்று.

தவிர, உங்கள் ஆள் அழித்த ஒற்றை டிக்கெட்டுக்காக அவர்கள் பேக்கப்பைத் தொடமாட்டார்கள். வாரம் ஒருமுறையாவது எக்ஸ்போர்ட் எடுத்து உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையிலேயே அழிக்க வேண்டிய சந்தர்ப்பம் வருமா?

வரும். வாடிக்கையாளர் சர்வரின் பாஸ்வேர்டை ஒருவர் டிக்கெட்டில் ஒட்டிவிடுவார். யாரோ ஒருவரின் ஆதார் நகல் இணைப்பாக ஏறிவிடும். தன் தகவலை நீக்கச் சொல்லும் உரிமையை 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மக்களுக்குத் தருகிறது. அப்போது அழித்தே ஆக வேண்டும்.

பாஸ்வேர்டு என்றால் முதலில் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மெயிலில் ஏற்கெனவே போயிருக்கும், அதை அழிக்க முடியாது. விவரப் பகுதியில் இருந்தால் அங்கே திருத்தினாலும் பழைய வாசகம் வரலாற்றில் நிற்கும் என்பதை மறக்காதீர்கள். ஆதார் நகல் என்றால் இணைப்பை மட்டும் நீக்குங்கள், டிக்கெட் இருக்கட்டும். பேக்கப்பிலும், மேலே சொன்ன டிரிக்கர் அட்டவணையிலும், பைனரி லாக்கிலும் பிரதிகள் இருக்கலாம். அவை எந்தத் தேதியில் காலாவதியாகும் என்று கணக்கிட்டு, கேட்டவருக்கு அந்தத் தேதியையும் சொல்லுங்கள். யார் கேட்டு, யார் அனுமதித்து, என்று அழித்தோம் என்பதற்கு ஒரு சிறு பதிவு தனியாக இருக்கட்டும். என்ன அழித்தோம் என்பதன் உள்ளடக்கம் அதில் வேண்டாம்.

ஐந்து பேர் கொண்ட சின்னக் குழு. சர்வரைப் பார்க்கத் தனி ஆள் இல்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

இன்றே ரோல் பட்டியலில் அழிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள், ஐந்து நிமிடம் ஆகும். இந்த வாரத்துக்குள் டம்பும் ஃபைல்ஸ் அடைவும் இரண்டும் சர்வருக்கு வெளியே ஓரிடத்தில் போய்ச் சேர்கின்றனவா என்று பாருங்கள். அதே டிஸ்க்கில் பேக்கப் இருந்தால் கணக்கில் சேராது. அடுத்த வாரம், தினசரி எண்கள் ஒப்பிடும் ஸ்கிரிப்டைப் போடுங்கள். டிரிக்கர், ப்ளகின் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஐந்து பேரில் ஒருவருக்கு அட்மின் கணக்கு இருக்கும். அதன் பாஸ்வேர்டு இன்னொருவருக்கும் தெரிந்த பாதுகாப்பான இடத்தில் இருக்கிறதா என்பதையும் அப்படியே கேட்டு வையுங்கள்.